கண்ணால் பார்க்காத பஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு மருந்துக்கடை வாசலை மட்டும்தான். மிச்சம் எல்லாம் நானாக இட்டுக்கட்டியது.

நோய் அடங்கியும் அடங்காமலும் இருந்த நாட்கள். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டத்துக்குள் நிற்கச் சொல்லியிருந்தார்கள். பாதி வட்டம் மிதிபட்டு அழிந்திருந்தது, ஆனாலும் அழிந்த வட்டத்துக்குள்ளேயே மரியாதையாக நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கு நடுவயசு இருக்கும். அவர் முறை வந்ததும் இருமல் மருந்தும் ஒரு பொட்டலம் பஞ்சும் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மொத்த வரிசையும் நிமிர்ந்து பார்த்தது.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. போனில் யாரைக் கூப்பிட்டாலும், மணி அடிப்பதற்கு முன்னால் அந்தக் குரல்தான் வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும். தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிற வண்டியிலும் அதே குரல்தான். அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட்டாலும் சரி, கடன்காரனைக் கூப்பிட்டாலும் சரி, முதலில் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வரிசைக் கடைசியில், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் நின்றிருந்தார். அவர் வட்டத்தைவிட்டு ஒரு காலை வெளியே வைத்து, "அக்கா, நீங்கதானே அது?" என்று கேட்டார். பெண்மணி தலையாட்டினார்.

"டிவி சொல்றது வேற, போன்ல வர்றது வேற. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போட்டுக்கலாமா, வேணாமா?"

பெண்மணி தலையைத் தூக்கித் தெருமுனையைப் பார்த்தார், அங்கிருந்து ஏதோ வர வேண்டியிருக்கிற மாதிரி. அப்புறம்தான் வாயைத் திறந்தார். சின்னச் சின்னதாகச் சில வாக்கியங்கள்.

அது என்ன என்று இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் இங்கேயே மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? ஆனால் வீட்டுக்கு வந்து மருந்தைப் பிரித்து வைத்த பிறகும் அவர் தலையைத் தூக்கின விதம் என்னைப் போட்டுப் படுத்திக்கொண்டே இருந்தது. எதற்காக ஒரு மனுஷி, பதில் சொல்வதற்கு முன்னால் தெருவைப் பார்க்க வேண்டும்? அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்தக் கதை.

2

ஆரம்பம் ஒன்று: "காலம் என்னும் பெருவெள்ளத்தில் ஒரு குரல் மட்டும்—"

[வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.]

ஆரம்பம் இரண்டு: "கிருமிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆனால் வதந்திக்கோ—"

[பேச்சுப் போட்டிக்கு ஆகும். கோப்பை கூடக் கொடுப்பார்கள்.]

ஆரம்பம் மூன்று: "மைக்கை அழுத்துவதற்கு முன்னால் அவள் எப்போதும் தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பாள்."

இது இருக்கட்டும். இனிமேல் அவரை 'அவள்' என்றுதான் எழுதுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் வீட்டு மனுஷர்கள்தானே.

அவளை ஒரு பஸ் நிலையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மாடியில் ஒரு சின்ன அறை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதில் பஸ்கள் உள்ளே நுழைகிற வாசல் தெரியும். மேஜைமேல் கழுத்து வளைந்த மைக்கு, தூசி படாமலிருக்க அதற்கு ஒரு பழைய கைக்குட்டையால் தொப்பி. எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் பூராவும் சொல்ல வேண்டும். நடத்துனர்கள் அவளை மைக்கக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடப் போகிறேன்.

மைக்கக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கண்ணால் பார்க்காத பஸ்ஸை மைக்கில் சொல்லமாட்டாள். அடுத்த ஷிப்டில் உட்காருகிற ஆள் கால அட்டவணையைப் பார்த்து அறிவிப்பார். அவர் வந்துவிட்டது என்பார், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுவார்கள், அங்கே வெறும் தரை இருக்கும். திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். மைக்கக்கா அப்படிச் செய்ததே கிடையாது. ஓட்டுநர்கள் போன் போட்டு, "கிட்ட வந்துட்டேன், சொல்லிடுங்கக்கா, ஜனம் ரெடியா நிக்கட்டும்" என்று கெஞ்சினாலும், கேட்டுக்குள்ளே வா, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிடுவாள். பஸ் மூக்கு நுழைவதைப் பார்த்த பிறகுதான் அவள் கை பொத்தானுக்குப் போகும்.

அதனால் அவள் ஷிப்டில் ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்குப் பாட்டில் கொடுப்பார்கள், தூங்குவார்கள். "மைக்கக்கா இன்னும் சொல்லல, உக்காரு" என்பார்கள். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு மனுஷிக்கு வேறு என்ன கிடைக்கப் போகிறது? எனக்கெல்லாம் இத்தனை வருஷம் எழுதியும் கிடைக்கவில்லை.

(குறிப்பு: அவளுக்குக் கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். கதைக்கு அது வேண்டியதில்லை. அவளுடைய சொந்தக்காரர்கள் கேட்கிற அளவுக்கு நீங்களும் கேட்காதீர்கள், பாவம்.)

3

ஒரு வீடு. மேலே ஒற்றை அறையில் மைக்கக்கா. கீழே அவள் அண்ணனும் அண்ணியும்.

அண்ணன் சோஃபா தைக்கிறவர். தெருப் பக்கத்து அறைதான் பட்டறை. மூலையில் ஸ்பாஞ்சுத் தகடுகள் அடுக்கியிருக்கும், நடுவில் ஏதாவது ஒரு சோஃபா வயிறு கிழிந்து கிடக்கும். ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும்போது எது கேட்டாலும் "ம்" மட்டும்தான் வரும். அவர் ஆணியைத் துப்பிவிட்டுப் பேசுகிறார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

அந்தத் தொழில் அவருக்கு ஒரு குணத்தைக் கொடுத்திருந்தது. வெளியே பளபளவென்று துணி போர்த்தின சோஃபாவைக் கிழித்தால் உள்ளே வைக்கோலும் பழைய சாக்குமாக இருக்கும். கடைக்காரன் சத்தியம் பண்ணி விற்றிருப்பான். இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் எதையுமே மேலே போர்த்தியிருப்பதை வைத்து நம்பமாட்டார். பேப்பரில் வந்தது, பெரிய மனுஷன் சொன்னது என்றெல்லாம் போய் நின்றால், "உள்ள என்ன இருக்கோ" என்பார். தங்கச்சி விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பார்க்காமல் பேசமாட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அண்ணி வேறு ரகம். போனில் எது வந்தாலும் திறந்து பார்ப்பாள், பார்த்ததை நாலு பேருக்கு அனுப்பினால்தான் தூக்கம் வரும். மனசில் கள்ளம் கிடையாது. தனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

[இவளைக் கிண்டலாக எழுதலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் எழுதியும் பார்த்தேன். பின்னால் இவளுக்கு நடக்கப் போவது எனக்குத் தெரியும் என்பதால் கை வரவில்லை.]

4

நோய் வந்தது. பஸ்கள் நின்றன. மாடி அறையில் மைக்குக்குத் தொப்பி போட்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்திவிட்டு மைக்கக்கா வீட்டில் உட்கார்ந்தாள்.

பிறகு தடுப்பூசி வந்தது. வந்ததே தவிர, போட்டுக்கொள்ள ஆள் வரவில்லை. சுகாதார அலுவலகத்தில் யாருக்கோ யோசனை தோன்றியது: நடிகர் வேண்டாம், தலைவர் வேண்டாம், பஸ் நிலையத்துக் குரலைக் கூப்பிடுங்கள், அந்த அம்மா சொன்னால் ஜனங்கள் எழுந்து நடப்பார்கள். நல்ல யோசனை. சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நல்ல யோசனை.

ஒலிப்பதிவு அறையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு டாக்டர் எழுதினது. அதில் ஒரு வரி: "ஊசி போட்ட பிறகு சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம், பயப்பட வேண்டாம், தானாகவே சரியாகிவிடும்." அதிகாரி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மேலே "எந்தத் தொந்தரவும் வராது" என்று எழுதினார்.

மைக்கக்கா கேட்டாள், நிஜமாகவே ஒன்றும் வராதா என்று.

"பெரிசா ஒண்ணும் வராதும்மா. காய்ச்சல்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், ஒருத்தனும் வாசப்படி தாண்டமாட்டான். முதல்ல வரட்டும். வந்தா உயிராவது மிஞ்சும்."

அவள் பேச வாயெடுப்பதற்கு முன், வழக்கப்படி தலையைத் தூக்கினாள். எதிரே கண்ணாடி இல்லை. வெளிச் சத்தம் வராமலிருக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டின சுவர்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. படித்துவிட்டாள். பஸ் நிலையத்தில் படிக்கிற அதே குரலில், வந்து நின்றுவிட்டதைச் சொல்கிற அதே உறுதியோடு.

அவள் செய்த தப்பு இவ்வளவுதான். இதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ளக்கூட நிறைய பேர் மாட்டார்கள். ஒரு வரி இல்லை, அவ்வளவுதானே.

5

வீட்டில் முதலில் போட்டுக்கொண்டது அண்ணி. "நம்ம வீட்டுக் குரலு, நாமளே போகலன்னா எப்படி" என்று பக்கத்து வீட்டுக்காரிகளையும் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணனுக்குக் கையில் ஒரு சோஃபா பாதியில் கிடந்தது. அடுத்த வாரம் போகிறேன் என்றார்.

மறுநாள் அண்ணிக்குக் காய்ச்சல் அடித்தது. நடுங்கினாள். கை தூக்க முடியவில்லை. ஊசியால் எந்தத் தொந்தரவும் வராது என்று நாத்தனாரே சொல்லியிருக்கிறாள் அல்லவா, அப்படியானால் இது ஊசிக் காய்ச்சல் இல்லை, நோயே வந்துவிட்டது என்று அழுதாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. தனக்கு ஏதாவது ஆனால் இவரை யார் பார்ப்பார்கள் என்று புலம்பினாள். அண்ணன் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. டாக்டர் எழுதினது எழுதினபடி நடந்தது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

அப்போதுதான் அண்ணியின் போனுக்கு ஒரு ஆண் குரல் வந்தது. யார் பேசுகிறார் என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல். "எந்தத் தொந்தரவும் வராதுன்னாங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா, இல்லையா? நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க. இதையே மறைச்சவங்க வேற எதையெல்லாம் மறைப்பாங்க?" அதற்கப்புறம் அவன் அடுக்கினான்: கை கால் விழும், ரத்தம் உறையும், அடுத்த வருஷம் யாரும் இருக்கமாட்டீர்கள்.

அத்தனையும் புளுகு. ஆனால் முதல் வரி உண்மை. அந்த ஒரு உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற புளுகெல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த உண்மையை அவன் எங்கேயிருந்து எடுத்தான் என்றுதானே கேட்கிறீர்கள். சுகாதார அலுவலகம் அடித்துப் போட்ட வரிதான். குப்பையில் போட்டதை அவன் பொறுக்கிக்கொண்டான்.

(குறிப்பு: அவன் யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அவனைப் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது. மைக்கக்காவை எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் போனால் முறைத்தார்கள். தெரிந்த முகமாக இருப்பதில் இது ஒரு கஷ்டம்.)

அண்ணி அந்தக் குரலை வழக்கம்போல எல்லோருக்கும் அனுப்பினாள். பட்டறையிலும் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். அண்ணன் வாயில் ஆணி இருந்தது. "ம்" என்றார்.

6

மைக்கக்கா கீழே இறங்கி வந்த காட்சியை எத்தனை தடவை திருத்தி எழுதினேன் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை அவளை அழவைத்தேன். ஒரு தடவை அண்ணனைக் கத்தவைத்தேன். இரண்டும் நாடகமாகப் போய்விட்டது. இவர்கள் கத்துகிற ஜாதி இல்லை.

அவள் வந்து ஸ்பாஞ்சுத் தகட்டின்மேல் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் என்று சொன்ன அடுத்த வாரம் வந்து போய்விட்டதே, இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லையே என்று கேட்டாள். அவர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தாள். சொன்னாள்.

"அண்ணா, அந்த வரி தாள்ல இருந்துச்சு. காய்ச்சல் வரும், போயிடும்னு எழுதியிருந்துச்சு. அவங்கதான் அடிச்சாங்க."

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"தெரிஞ்சேதான் படிச்சியா?"

"ம்."

"வராத பஸ்ஸ வந்துடுச்சுன்னு சொல்லிட்ட."

அவள் ஸ்பாஞ்சுத் தகட்டின் ஓரத்தைக் கிள்ளினாள். பிறகு, "அதான் இப்பச் சொல்றேன்லண்ணா. காய்ச்சல் வரும், போயிடும், அவ்வளவுதான். அண்ணி நல்லாதானே இருக்காங்க. நீ போட்டுக்கோ" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். கோபம் இல்லை.

"அன்னிக்கும் இதே குரல்லதான் சொன்ன. இன்னிக்கும் இதே குரல்தான். எனக்கு வித்தியாசம் தெரியலம்மா. மத்தவங்க சொன்னா கிழிச்சுப் பாத்துருப்பேன். ஒன்னை எங்க போயி கிழிச்சுப் பாக்கறது?"

ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. அவள் மாடிப்படி ஏறிப் போனாள்.

7

இந்த இடத்தில் இரண்டு புகார்கள் வரும், அவற்றை நானே எடுத்துப் பேசிவிடுகிறேன்.

ஒன்று, அண்ணன் முட்டாளா? பெண்டாட்டி தேறி எழுந்து நடமாடுவதைக் கண்ணெதிரே பார்த்த மனுஷன் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊசி போட்டு உட்கார வைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுதினேன்: "மறுநாள் காலையில் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஊசி போடும் இடத்தை நோக்கி—"

நடக்கவில்லை. சட்டையை மாட்டினவர் பட்டறை வாசலில் நின்றுவிட்டார். முட்டாளாக இருந்தால் போயிருப்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, அந்த இடத்திலும் உள்ளே சாக்கு இருப்பதைப் பார்த்துவிட்ட மனுஷன் அவர்.

இரண்டாவது, அந்த அதிகாரி. முதலில் நான் எழுதின பிரதியில் அவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கதை நீளுகிறது என்று வெட்டினேன். உண்மையான காரணம் அது இல்லை. அந்தப் பத்தி இருந்தால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் குறைந்துபோகும் என்று பயந்தேன். வாசகர் முதலில் கோபப்படட்டும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் செய்த அதே வேலையை, அதே பேனாவால், அதே நல்லெண்ணத்தோடு நான் செய்திருக்கிறேன். எனவே இதோ, ஒட்டுகிறேன்:

[அதிகாரி வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகவில்லை. ஊசி போடுவதற்காக ஒரு பள்ளிக்கூடக் கூடத்தைப் பெருக்கி, நாற்காலி போட்டு, குடிதண்ணீர் வைத்துக் காத்திருந்தார். நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அங்கிருந்து நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் படுத்திருந்தார்கள். அதில் ஒருத்தர் அவருடைய மாமனார். பேனாவை எடுத்தபோது அவர் கண்ணில் இருந்தது அந்தக் காலி நாற்காலிகள்தான்.]

இப்போது அவர்மேல் கோபம் குறைந்திருக்கும். குறையட்டும். அடித்த வரி அடித்ததுதான்.

8

அண்ணனுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட யாரும் இருக்கக் கூடாது, போனில் விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணைக் கொடுத்து வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று நடந்தது. கதை எழுதுகிறவனையும் மீறி சில சமயம் இப்படி ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னால் என்ன கேட்கும்? மைக்கக்காவின் குரல். எந்தத் தொந்தரவும் வராது என்று உறுதியாகச் சொல்லும். அண்ணி ஒவ்வொரு தடவை புருஷனைப் பற்றி விசாரிக்கவும் அதைக் கேட்டு முடித்தாக வேண்டும். மைக்கக்கா கூப்பிட்டாலும் அப்படியே. அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, முதலில் அவள் தன் குரலைத் தானே கேட்டு முடிக்க வேண்டும். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்தாலும் கேட்டது.

அவள் எழுந்து சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அந்த வரியைத் திரும்பப் போடுங்கள், நான் மறுபடி படிக்கிறேன் என்றாள். அதிகாரி வாதாடவில்லை. அவருக்கும் விஷயம் விளங்கியிருந்தது. அதே அறை, அதே கறுப்புச் சுவர். இந்தத் தடவை முழுத் தாளையும் படித்தாள். காய்ச்சல் வரலாம் என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தடுக்கியது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இனி முடிவு.

முதல் முடிவு: அண்ணன் பிழைத்து வருகிறார். இளைத்துப் போய், சுத்தியலைத் தூக்கத் தெம்பில்லாமல் பட்டறை வாசலில் உட்காருகிறார். தங்கை கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறாள். அவர் "ம்" என்கிறார். சிரிக்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து படித்தால், மருந்துக்கடை வாசலில் நான் கேட்ட அந்தக் குரல் இந்த முடிவுக்குள் எங்கேயும் பொருந்தவில்லை. அந்தப் பெண்மணி பேசி முடித்த இடத்தில் ஒரு நிறுத்தம் இருந்தது. அண்ணன் பிழைத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படி நிறுத்தமாட்டார்கள்.

இரண்டாவது முடிவு: அண்ணன் செத்துப்போனார்.

இதற்கு அலங்காரம் எதுவும் எனக்கு வரவில்லை. ஒரு காலைநேரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்கவிடவில்லை. அண்ணி பட்டறையில், வயிறு கிழிந்து கிடந்த சோஃபா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். முதல் எண்ணைப் போட்டதும், மணி அடிப்பதற்கு முன்னால் குரல் வந்தது. அதே குரலின் புதுப் பதிவு, அன்றைக்குத்தான் மாற்றியிருந்தார்கள். சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம். பயப்பட வேண்டாம், தானாகவே சரியாகிவிடும்.

அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டு, எதிரே நின்ற நாத்தனாரைப் பார்த்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் பயந்திருக்கமாட்டேனே. நான் பயந்து அழுததைத்தானே அவர் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அண்ணி மறுபடி போனை எடுத்து அடுத்த எண்ணைப் போட்டாள். மறுபடி அந்தக் குரல் வந்தது. எத்தனை சொந்தக்காரர்களோ, அத்தனை தடவை.

9

மருந்துக்கடை வாசலுக்கு வந்துவிட்டோம். இங்கே கற்பனை இல்லை. அதனால் மறுபடி 'அவர்' என்றே எழுதுகிறேன். அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது. அவர் பஸ் நிலையத்தில் வேலை பார்த்தாரா, மாடியில் குடியிருந்தாரா, எதுவும் தெரியாது. அவர் அண்ணன் என்ன தொழில் செய்தார் என்பதும் தெரியாது. அண்ணன் ஒருத்தர் இருந்தார் என்று மட்டும் தெரியும். அதையும் அவர் வாயாலேயே கேட்டதால்தான் தெரியும்.

ஹெல்மெட்காரர் கேட்டார், போட்டுக்கலாமா வேணாமா என்று. பெண்மணி தலையைத் தூக்கித் தெருமுனையைப் பார்த்தார். பிறகு சொன்னார். போனில் வருகிற குரலில் இல்லை. நம் வீட்டில் யாராவது பேசுகிற மாதிரி, கொஞ்சம் கரகரப்பாக.

"காய்ச்சல் வரும். கையும் வலிக்கும். ரெண்டு நாள்ல போயிடும். போட்டுக்கோங்க."

இங்கே நிறுத்தினார். நான் சொன்ன நிறுத்தம் இதுதான்.

"எங்க அண்ணன் போட்டுக்கல."

அவ்வளவுதான். பஞ்சையும் மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போய்விட்டார். ஹெல்மெட்காரர் ஒரு கால் வட்டத்துக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றிருந்தார். என் முறை வந்தது. எனக்கு வேண்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஹெல்மெட்காரரின் வட்டம் காலியாக இருந்தது.

அந்தத் தெருவில் இடது பக்கம் போனால் ஊசி போடுகிற இடம். வலது பக்கம் போனால் வீடுகள். அவர் எந்தப் பக்கம் போனார்?

இத்தனை பக்கம் பார்க்காததையெல்லாம் பார்த்த மாதிரி சொன்னவன், இதை மட்டும் சொல்ல ஏன் மூக்கால் அழுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இடது பக்கம் போனார் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுதினேன், அடித்தேன். வலது பக்கம் என்றும் எழுதிப் பார்த்தேன். அண்ணனும் அண்ணியும் நான் உண்டாக்கினவர்கள், அவர்களுக்கு நான் என்ன செய்தாலும் பாவம் என்னோடு போயிற்று. ஹெல்மெட்காரர் நிஜம். எங்கேயோ ஒரு வீட்டில் அவருக்காக யாரோ காத்திருப்பார்கள். அவர் போனதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

அதனால் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள், கதையை உங்களிடம் விட்டுவிட்டேன். சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.